விழுகிறவனின் ரேங்க்

2025 ஜூலை 24, ராத்திரி சாப்பாட்டு நேரம். பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஒருத்தன் "டேய், ஹோகன் போயிட்டான்டா" என்று போட்டான். ஃப்ளோரிடாவில் அப்போது பகல். ஹல்க் ஹோகன் எழுபத்தொரு வயதில் இறந்துபோன செய்தி வெளிவந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். எங்கள் குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம். பாதிப் பேர் தாடிக்கொம்பு, திண்டுக்கல் சுற்றுவட்டாரத்திலேயே தொழில் பார்க்கிறார்கள். மீதிப் பேர் என்னைப்போல பெங்களூர், சென்னை, துபாய் என்று போய்ச் சேர்ந்தவர்கள். யாருக்காவது குழந்தை பிறந்தால்கூட நாலு இமோஜியோடு முடிந்துவிடுகிற குழு, அன்றைக்கு நடுராத்திரிவரை ஓயவில்லை. ஓரம் மடங்கிய பழைய டிரம்ப் கார்டுகளின் படங்கள் வரிசையாக வந்தன. ஹோகனுக்கு ரேங்க் ஒன்றா மூன்றா என்று ஒரு சண்டை நடந்தது. "இதெல்லாம் நைன்டீஸ் கிட்ஸுக்குத்தான் புரியும்" என்று ஒருவன் சொல்ல, அதற்கு இருபது பேர் ஹார்ட் போட்டார்கள். நானும் போட்டேன்.

மறுநாள் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து மொத்தத்தையும் திரும்பப் படித்தேன். இருநூறு மெசேஜ் இருக்கும். ஹோகனைப் பற்றி நாலு வரிகூடத் தேறவில்லை. யார் வீட்டில் முதலில் கேபிள் வந்தது, யாருடைய கார்டை யார் திருடினான், டிவி பார்த்ததற்கு யாருக்கு விளக்குமாற்றால் விழுந்தது, இவ்வளவுதான். இழவு அவர் வீட்டில், ஒப்பாரி எங்களைப் பற்றி.

தமிழில் மல்யுத்த நினைவேக்கம் என்று எழுதப்படுகிற எல்லாவற்றுக்கும் இதே அச்சுதான். முதலில் கேபிள் வரும், அப்புறம் டிரம்ப் கார்டு, அப்புறம் அண்டர்டேக்கரின் ஏழு உயிர். கடைசியில், "வளர்ந்தப்புறம்தான் தெரிஞ்சது எல்லாம் டூப்புன்னு" என்று ஒரு சிரிப்பு. பத்து வருஷத்துக்கு முன்னால் நானே அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன், நிறைய பேர் படித்தார்கள். இப்போது அதைப் படித்தால் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. அந்தக் கட்டுரையில் மல்யுத்தக்காரர்கள் யாருமே இல்லை. முடிவில் வைத்த அந்த 'டூப்பு' ஜோக் தப்பு. எட்டாங்கிளாஸ்கூடத் தாண்டாத என் தாத்தாவுக்கு அது அப்போதே தெரிந்திருந்தது.

திண்டுக்கல்லிலிருந்து கரூர் ரோட்டில் எட்டு ஒன்பது கிலோமீட்டர் போனால் தாடிக்கொம்பு. வெளியூர்க்காரர்களுக்கு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலைச் சொன்னால் தெரியும். எங்களுக்கு ஊர் என்றால் குடகனாறுதான். வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீர் இருக்காது, மணல் இருக்கும். 1998, 99 வாக்கில் எங்கள் வீட்டில் டிவி இருந்தது, கேபிள் இல்லை. எதிர்வீட்டு அத்தை வீட்டு சாலிடேர் டிவி முன்னால் தெருப்பையன்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருப்போம். ஸ்டார் ஸ்போர்ட்ஸில் டபிள்யூ டபிள்யூ எஃப் ஓடும். என்னைக் கூட்டிப்போக வருகிற தாத்தா நிலைப்படியில் உட்கார்ந்து அவரும் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

தாத்தா ஒரு நாடகப் பைத்தியம். பங்குனி, சித்திரையில் சுற்றுவட்டத்தில் எந்த ஊர்த் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' போட்டாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். 'அரிச்சந்திரா' என்றால் மயான காண்டம் முடியாமல் எழுந்து வரமாட்டார். சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டை ராஜபார்ட் எந்த இடத்தில் இழுத்தான், எந்த இடத்தில் விழுங்கினான் என்று மறுநாள் டீக்கடையில் தீர்ப்புச் சொல்வார். அந்தக் கண்ணோடுதான் அவர் அண்டர்டேக்கரையும் பார்த்தார்.

மணி அடித்தது. அரங்கம் இருண்டது. அந்த ஆள் கறுப்புக் கோட்டோடு ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தான். நாங்கள் மூச்சுவிடவில்லை.

"யாருடா இவன், எமன் வேஷமா?"

"தாத்தா, அது அண்டர்டேக்கர். ஏழு உயிரு. ஆறு தடவ செத்துட்டான்."

"அப்ப எமன்தான்" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வரவு நல்லா இருக்கு. இம்புட்டு மெதுவா நடக்க தெகிரியம் வேணும்" என்று சொன்னார்.

சண்டை தொடங்கியதும் அவர் அண்டர்டேக்கரை விட்டுவிட்டார். அடிவாங்குகிறவன்மீதே கண்ணாக இருந்தார். "அடிக்கிறவன என்னத்தப் பாக்குறீங்க? விழுறவனப் பாருங்கடா. அவன் எப்பிடி விழுறான் பாரு. அவன்தான் ஆட்டக்காரன்." எங்களுக்கு அது பெரிய ஜோக்காக இருந்தது. அதைவிடப் பெரிய ஜோக், கிளம்பும்போது அவர் கேட்ட கேள்வி. "இவங்களுக்கெல்லாம் எந்த ஊரு சங்கம்?"

அத்தை உட்பட எல்லாரும் சிரித்தோம். தாத்தா சிரிக்கவில்லை. அவர் நிஜமாகத்தான் கேட்டார்.

ஸ்பெஷல் நாடகம் பார்த்திருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். அதற்கு நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்துப் பேசுவார்கள். ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. மேடையேறும்போதுதான் சிலர் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்ப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். மற்றது மேடையில்தான். வள்ளிக்கும் வேடனுக்கும் நடக்கிற தர்க்கம் இன்றைக்கு அரை மணியா ஒன்றரை மணியா என்பதை எதிரே உட்கார்ந்திருக்கிற கூட்டமும் எதிரில் நிற்கிற நடிகரின் மூச்சும்தான் முடிவு செய்யும். ஒருவர் விட்ட அடியை இன்னொருவர் எடுப்பார். வேண்டுமென்றே தடுக்கிவிட்டு, விழாமல் தாங்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஆளுக்கொரு ஊரிலிருந்து வருகிற இந்த ஆட்களுக்குப் பொதுவாக இருப்பது சங்கம். மதுரையில் 1920களிலிருந்தே நாடக நடிகர்களுக்குச் சங்கம் இருக்கிறது. மற்ற ஊர்களிலும் பின்னால் வந்தன. நடிகர் எந்த ஊர்ச் சங்கம் என்பது நாடகம் பார்க்கிறவர்களுக்கு அத்துப்படி.

மல்யுத்தம் ஏறக்குறைய இதேதான் என்று எனக்குத் தெரியவர இருபது வருஷம் ஆயிற்று. யூடியூபில் பழைய அமெரிக்க நிகழ்ச்சிகளைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தபோதுதான், நாங்கள் பார்த்தது அந்தக் கலையின் கடைசி அத்தியாயம் என்று புரிந்தது. 1980களுக்கு முன்னால் அமெரிக்காவில் மல்யுத்தம் வட்டாரம் வட்டாரமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முதலாளி, ஒரு உள்ளூர் டிவி ஸ்டேஷன், வாரம் ஒரு நிகழ்ச்சி. மெம்பிஸ் நகரத்தில் சனிக்கிழமை காலையில் டிவி ஸ்டுடியோவிலேயே நேரடியாகச் சண்டை நடக்கும். அதில் மூட்டிவிட்ட பகை திங்கட்கிழமை ராத்திரி உள்ளூர் அரங்கத்தில் டிக்கெட்டாக மாறும். வில்லன் ஒரு வட்டாரத்தில் ஆறு மாசம் திட்டு வாங்கி அலுத்துப்போனால், மூட்டை முடிச்சோடு அடுத்த வட்டாரத்துக்குப் போய் அங்கே நல்லவனாவான். ஒத்திகை பெரும்பாலும் கிடையாது. முடிவை மட்டும் பேசிவைத்துவிட்டு, நடுவில் பிடி போட்டபடி காதுக்குள் சொல்லிக்கொண்டு ஆடுவார்கள். ஜிம் ராஸ் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த கிரீடம் வைத்த ஜெர்ரி லாலர் நினைவிருக்கிறதா? அவர் பேசிய இங்கிலீஷ் எங்களுக்கு ஒரு வார்த்தையும் விளங்கியதில்லை. எங்களுக்கு அவர் ஒரு குரல், அவ்வளவுதான். மெம்பிஸில் அந்த ஆள்தான் ராஜபார்ட்.

1982-இல் அப்பாவிடமிருந்து கம்பெனியை வாங்கிய வின்ஸ் மக்மேன், ஹோகனை முன்னால் நிறுத்தி நாடு முழுக்கக் கடை விரித்ததும் வட்டாரங்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. மெம்பிஸ் ஆட்கள் பழைய சனிக்கிழமைகளை நினைத்து ஏங்குகிறார்கள். நாங்கள் ஏங்குவதோ அந்தச் சனிக்கிழமைகளை விழுங்கியவனை நினைத்து. இதில் கேலி எதுவும் இல்லை, எங்களுக்கு வந்து சேர்ந்தது அதுதான்.

சரி, டூப்பு. 1989 பிப்ரவரியில், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்க, மக்மேனின் கம்பெனியே நியூ ஜெர்சி செனட்டில் 'இது போட்டி கிடையாது, பொழுதுபோக்கு' என்று எழுத்துபூர்வமாகச் சொல்லிவிட்டது. ஆக, நாங்கள் எதிர்வீட்டில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துகொண்டிருந்தபோது அந்த ரகசியத்துக்குப் பத்து வயது. 2000-இல் அண்டர்டேக்கர் கோட்டைக் கழற்றிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் பள்ளிக்கூடத்தில் ஒரு மதக் கலவரமே நடந்தது. பழைய ஆள் செத்துவிட்டான், இவன் தம்பி என்று ஒரு கட்சி. அக்‌ஷய் குமார் ஒரு இந்திப் படத்தில் அண்டர்டேக்கரையே தூக்கிப் போட்டாராமே என்று இன்னொரு கட்சி. (1996-இல் வந்த அந்தப் படத்தில் நடித்தது பிரையன் லீ. 1994-இல் டபிள்யூ டபிள்யூ எஃப்பே 'போலி அண்டர்டேக்கர்' வேஷம் கொடுத்த ஆள்.) தாத்தாவிடம் போய்க் கேட்டோம். "வேஷத்த மாத்திட்டான். வேறென்ன" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

எங்கள் ஊர்க் கோயிலில் தாயார் சன்னதிக்கு முன்னால் இருக்கிற மண்டபத்தில் ஆளுயரச் சிற்பத் தூண்கள் உண்டு. அகோர வீரபத்திரர், கார்த்தவீரியன், ரதி, மன்மதன் என்று வரிசையாக நிற்பார்கள். அதில் நரசிம்மருக்கு இரண்டு தூண். ஒன்றில் இரணியனோடு யுத்தம், இன்னொன்றில் சம்ஹாரம். முடிவு என்னவென்று குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் யுத்தத்துக்கென்று ஒரு முழுத் தூணை ஒதுக்கினானே அந்த நாயக்கர் காலத்துச் சிற்பி, அவனிடம் போய் யாரும் 'இது டூப்புதானே' என்று கேட்பதில்லை. ஜெயிக்கப்போவது யார் என்பதில் சந்தேகமே இல்லாத சண்டையை எப்படி நம்பவைப்பது என்பதுதான் வேலை. இரணியன் சோப்ளாங்கியாக நின்றால் நரசிம்மரும் சிறுத்துப்போவார்.

ரோலான் பார்த் தன்னுடைய 'மித்தாலஜீஸ்' (1957) புத்தகத்தை மல்யுத்தக் கட்டுரையோடுதான் தொடங்குகிறார். பாரிஸில் மலிவான அரங்குகளில் நடந்த சண்டைகளைப் பார்த்து எழுதியது. குத்துச்சண்டையில் யார் ஜெயிப்பான் என்பது முக்கியம், மல்யுத்தத்தில் ஒவ்வொரு கணமும் கண்ணுக்கு விளங்குவதுதான் முக்கியம் என்பது அவர் வாதம். தோற்றவனின் வலி அரங்கத்தின் கடைசி வரிசைவரை தெரியவேண்டும், நீதியும் துரோகமும் உடம்பிலேயே எழுதியிருக்க வேண்டும். மல்யுத்தத்தைப் பற்றி எழுத வருகிற எவனும் இந்தக் கட்டுரையைத் தொடாமல் போகமுடியாது. ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பார்த் வலியைக் குறியீடாகப் பார்த்தார், அபாரமாகப் பார்த்தார். அந்தக் குறியீட்டைச் சுமந்தவன் மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு எப்படி எழுந்தான் என்று அவர் கேட்கவில்லை. தாத்தா பார்த்தைப் படித்ததில்லை. "விழுறவனப் பாரு" என்றவர், பின்னாலேயே சங்கத்தையும் கேட்டுவிட்டார்.

விழுவது ஒரு தொழில்நுட்பம். நாம் நினைப்பதுபோல ரிங் மெத்தையல்ல. இரும்புச் சட்டத்தின்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், அதன்மேல் கேன்வாஸ். மல்லாக்க விழுகிறவன் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பின்மண்டை முதலில் போய் மோதும். முதுகின் மேல்பகுதி பரவலாகத் தரையில் படவேண்டும். இரண்டு கைகளையும் விரித்துத் தரையில் அறைய வேண்டும், அதிர்ச்சி பங்குபோகும், சத்தமும் கிடைக்கும். மூச்சைப் பிடித்துவைக்கக் கூடாது. இத்தனையும் ஒரு நொடிக்குள். பிறகு அடித்தவனுக்குப் பெருமை சேருகிற மாதிரி துடிக்கவும் வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு பழைய சண்டைகளைத் திரும்பப் பார்த்தால் வேறு படமாக இருக்கிறது. ஓங்கி அடிக்கிறவன் பாதி நேரம் சும்மா நிற்கிறான், முக்கால்வாசி வேலை கீழே நடக்கிறது.

டிரம்ப் கார்டில் இதற்கு இடமே கிடையாது. உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ், சண்டை, வெற்றி, ரேங்க். ஆபீஸில் டேட்டாபேஸ் வடிவமைக்கிற வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. எந்தப் பத்தியை வைக்கவில்லையோ அந்தக் கேள்வியைப் பிறகு யாராலும் கேட்கமுடியாது. கார்டில் 'தோல்வி' என்ற பத்தி இல்லை. அதனால் எங்கள் தலைமுறைக்கு எஸ்.டி. ஜோன்ஸ் என்று ஒருவர் இருந்ததே தெரியாது. ஆன்டிகுவாக்காரர். 1985 மார்ச் 31-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த முதல் ரெசில்மேனியாவில் கிங் காங் பண்டியிடம் ஒன்பது நொடியில் தோற்றார் என்று அறிவிக்கப்பட்டவர். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அது ஒன்பதைவிட அதிகம். பண்டி பூதம்போலத் தெரியவேண்டும் என்பதற்காக அவருடைய நொடிகளையும் வெட்டிவிட்டார்கள். பாரி ஹாரோவிட்ஸ் என்று இன்னொருவர். வருஷக்கணக்காகத் தோற்பதே வேலை. தன் முதுகைத் தானே தட்டிக்கொடுத்துக்கொள்வது அவருடைய பாணி, ஏனென்றால் வேறு யாரும் தட்டப்போவதில்லை. 1995-இல் ஒருநாள் அவரை ஜெயிக்க வைத்தார்கள். அதற்குக் கூட்டம் போட்ட சத்தத்தைக் கேட்டால், அத்தனை வருஷமும் அவர்கள் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரியும்.

நம் ஆட்களுக்கும் இது புரியாமல் இல்லை. 2021-இல் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடியது டான்ஸிங் ரோஸைத்தான். கபிலனிடம் தோற்கிற ஆள். ஷபீர் அந்த வேஷத்தில் ஆடி, நெளிந்து, கடைசியில் விழுகிறார். படம் முடிந்தும் அந்த விழுகைதான் மனதில் நின்றது.

மிக் ஃபோலியைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்டமுடியாது. 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். பதினாறு அடிக் கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் அவரை வர்ணனையாளர்களின் மேஜைமேல் தூக்கி எறிந்த காட்சியைப் பார்க்காதவர் எங்கள் வயதில் குறைவு. அது திட்டமிட்ட விழுகை. ஸ்ட்ரெச்சரிலிருந்து எழுந்து மறுபடியும் ஏறிய பிறகு கூண்டின் கூரை பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தாரே, அது திட்டத்தில் இல்லாதது. உடைந்த பல் மூக்குக்குள் போயிருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் நாங்கள் பேசியதெல்லாம் "அண்டர்டேக்கர் எறிஞ்சான் பாரு" என்பதைத்தான். எழுவாய் எப்போதும் எறிந்தவன். அடுத்த வருஷம் ஃபோலி தன் கதையைத் தாளில் கைப்படவே எழுதிப் புத்தகமாக்கினார், அது நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

நான் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்த விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் குழுவில் மாசத்துக்கொருமுறை வருகிற ஜோக் அது. குடகனாற்று மணலில் ஒரு சனிக்கிழமை 'சோக்ஸ்லாம்' போட்டதில் ஒருவனுக்குத் தோள்பட்டையில் காரை எலும்பு உடைந்துபோனது. போட்டவன் நான். நான்தான் அண்டர்டேக்கர் ஆவேன் என்று சண்டை பிடித்து அந்த வேஷத்தை வாங்கியிருந்தேன். அவனுக்கு அன்றைக்கு எந்த வேஷமும் இல்லை, சும்மா விழுகிற ஆள். மணல்தானே என்று நினைத்தோம், தூக்கிய உயரத்தில் அவன் சாய்ந்துவிட்டான். திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம். 'எமன்கிட்ட சிக்கிட்டான்' என்று ஊரே சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய கட்டுரையில் அது ஒரு பத்தியாக, நல்ல நகைச்சுவையாக வந்திருக்கிறது. வலித்ததா என்று அவனிடம் நான் கேட்டதே இல்லை.

காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது காளி வந்தார். தலிப் சிங் ராணா, இமாச்சலில் கல்லுடைத்தவர், பஞ்சாப் போலீஸ்காரர். 2006 மே மாதம் அவர் அண்டர்டேக்கரையே கீழே போட்டபோது டென் ஸ்போர்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்த மெஸ்ஸில் தட்டுகள் பறந்தன. நம்மாள்! தாராசிங்குக்குப் பிறகு நமக்குக் கிடைத்த ஆள். 'பெரிய தாராசிங்குன்னு நெனப்பு' என்பது எங்கள் பக்கத்து வசவு, சொல்கிறவர்களில் பலருக்கு அது ஒரு நிஜ மனிதரின் பெயர் என்பதே தெரியாது. சிங்கப்பூரிலும் மலேயாவிலும் ஆடி, கிங் காங் என்று பெயர் வைத்துக்கொண்ட எமில் சாயாவோடு மோதி, கடைசியில் ராமானந்த் சாகரின் 'ராமாயண'த்தில் அனுமாராக வீட்டுக்குள் வந்தவர். என் அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறாள்.

காளிமேல் எனக்கிருந்த பெருமை பின்னால் ஒரு செய்தியில் தடுக்கியது. 2001 மே மாதம் கலிஃபோர்னியாவில் ஒரு பயிற்சிப் பள்ளியில், தலிப் சிங்கோடு பயிற்சி செய்துகொண்டிருந்த பிரையன் ஓங் என்ற இளைஞர் விழுந்த விழுகையில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். நாலு வருஷம் கழித்து நீதிமன்றம் பயிற்சிப் பள்ளியைப் பொறுப்பாக்கி, குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. இந்த விஷயத்தில் காளியைக் குற்றவாளியாக்க எனக்கு ஆசையில்லை, அவரும் கற்றுக்கொள்ளப் போனவர்தான். தூக்குகிறவன் எவ்வளவு பெரிய ஆள் என்பதை நாம் ஆயிரம் தடவை பேசியிருக்கிறோம், விழக் கற்றுக்கொண்டிருந்த ஒருவனுடைய பெயர் ஒருதடவைகூட வரவில்லை. நான் சொல்வது அதைத்தான்.

ஓவன் ஹார்ட் 1999 மே 23-இல் கான்சஸ் சிட்டி அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கிவரும்போது கொக்கி விடுபட்டு விழுந்தார். வயது 34. நிகழ்ச்சியை நிறுத்தவில்லை, அடுத்த சண்டைகள் நடந்தன. எங்கள் தெருவில் அவருக்கு எத்தனை உயிர் என்று விவாதித்தோம். யோகோசுனா 2000-இல் போனார், டேவி பாய் ஸ்மித் 2002-இல், கர்ட் ஹென்னிக் 2003-இல், எடி கெரேரோ 2005-இல். நாலு பேரும் நாற்பத்தைந்தைத் தொடவில்லை. என் கார்டுக் கட்டில் இந்தப் பெயர்களெல்லாம் இருந்தன. 2007-இல் கிறிஸ் பெனுவா வீட்டில் நடந்ததைப் பற்றி இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

இந்த ஆட்கள் கம்பெனியின் ஊழியர்கள் அல்ல. தனித்தனி ஒப்பந்தக்காரர்கள் என்று கணக்கு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் ரோட்டில் இருந்தும், கம்பெனி சொல்கிற ஊரில் கம்பெனி சொல்கிற ஆளிடம் விழுந்தும், ஒப்பந்தக்காரர்கள். 1986-இல், இரண்டாவது ரெசில்மேனியாவுக்கு முன்னால், ஜெஸ்ஸி வென்ச்சுரா உடைமாற்றும் அறையில் நின்று நமக்கு ஒரு யூனியன் வேண்டும் என்று பேசினார். இவர்தான் பிற்பாடு மினசோட்டா மாநிலத்தின் கவர்னரானவர். அன்றைய பேச்சு உடனே முதலாளி காதுக்குப் போய்விட்டது. யார் சொன்னது என்பது பல வருஷம் கழித்து, கம்பெனிமேல் தான் போட்ட வழக்கின் விசாரணையில் தெரியவந்ததாக வென்ச்சுரா சொல்லிவருகிறார். அவர் சொல்கிற பெயர் ஹோகன்.

யூனியன் வரவில்லை. இன்றுவரை இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸில் ஓடுகிறது, தொலைபேசியிலேயே பார்க்கலாம், சங்கம் மட்டும் கிடையாது. ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய எங்கள் பக்கத்து பபூனுக்கும் பின்பாட்டுக்காரருக்கும் நூறு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் வாய்த்தது, பல நூறு கோடி டாலர் புரளுகிற தொழிலில் முதுகெலும்பு நொறுங்க விழுகிறவனுக்கு வாய்க்கவில்லை. நாடகச் சங்கங்களைப் புனிதமாக்க வேண்டியதில்லை. அங்கேயும் வறுமை, கோஷ்டி, ஸ்திரீபார்ட் பெண்களை ஊர் பார்க்கிற பார்வை எல்லாம் உண்டு. சூசன் சைசர் மதுரையில் தங்கி ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட புத்தகம் முழுக்க அந்த அவமானங்களைப் பற்றித்தான். ஆனாலும் தாத்தா கேட்டதற்கு ஒரு விடை அவர்களிடம் இருந்தது.

இதையெல்லாம் சுருக்கி, ஹோகன் இறந்த மறுநாள் மத்தியானம் குழுவில் போட்டேன். யாரும் பதில் எழுதவில்லை. செத்தவனைப் பற்றி அன்றைக்கே இப்படிப் பேசுவது முறையில்லை என்று நினைத்திருப்பார்கள், அதுவும் சரிதான். சாயங்காலம் அந்தக் காரை எலும்புக்காரன் போன் பண்ணினான். திண்டுக்கல்லில் வெங்காயக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறான்.

"என்னடா, பெரிய மெசேஜா போட்டிருக்க? பாதி புரியல."

விழுவதைப் பற்றிச் சொன்னேன். பலகை, ஃபோம், கையை அறைவது, தாடையை ஒட்டிக்கொள்வது. கவனமாகக் கேட்டான்.

"தாடைய நெஞ்சோடவா? அத எவனும் சொல்லலயேடா அன்னைக்கு."

"எவனுக்குத் தெரியும்?" என்றேன். பிறகு, இருபத்தைந்து வருஷம் தாமதமாக, "இப்ப வலிக்குதா?" என்று கேட்டேன்.

"மூட்டைக்குத் தோள் குடுத்தா தெரியும். மழைக்கு முந்தி ரெண்டு நாள் தெரியும். மத்தபடி ஒன்னுமில்ல." கொஞ்சம் நிறுத்தி, "நீ அந்தக் கதைய எழுதுனதப் படிச்சேன்டா அப்பவே. நல்லாத்தான் எழுதியிருந்த" என்றான்.

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பக்கம் தொம்மென்று ஏதோ விழுகிற சத்தம், ஒரு குழந்தையின் சிரிப்பு. அவன் பையன் சோபாவிலிருந்து குதிக்கிறானாம், நேற்று ராத்திரியிலிருந்து ஹோகன் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம். "இருடா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைக்காமலே கத்தினான்:

"டேய்! குதிக்கிறதுன்னா தாடைய உள்ள வச்சுக் குதிடா!"